பையில் என்ன எழுதியிருக்கிறது? நாயின் உலர் உணவுக்கு ஒரு சின்ன வரலாறு

எங்கட தோழி ஒருத்தி வீட்டுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னம் ஒரு பொமரேனியன் குட்டி வந்தது. உலர் உணவு வாங்கப் போனால், கடையில் ரெண்டு விதம் இருந்தது. ஒன்று, நாய்ப்படம் போட்ட, வாய் ஒட்டிய பை. மற்றது, பெரிய மூட்டையைப் பிரித்துப் பொலித்தீன் பையில் கிலோக் கணக்கில் கட்டி வைத்தது. "ரெண்டும் ஒண்டுதான் தங்கச்சி, பேருக்குத்தான் காசு" எண்டார் கடைக்காரர். 2022 நெருக்கடிக்குப் பிறகு விலை பார்த்து வாங்கப் பழகியவர்கள் நாங்கள். அவளும் பொலித்தீன் பையைத்தான் வாங்கினாள். மூன்றாம் நாள் குட்டிக்கு வயிற்றோட்டம். மிருக வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பாடு குடுத்தனீங்கள்?" ஒருத்தரிட்டயும் பதில் இல்லை. அந்தப் பையில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

குட்டி தேறிவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. நாயின் சாப்பாட்டுப் பையில் ஏன் இவ்வளவு எழுதியிருக்கிறார்கள்? அதை எழுத வைத்தது யார்? தேடிப் பார்த்தபோது அது 160 வருசத்துக்கு மேற்பட்ட கதையாக நீண்டது.

நாய்க்கெண்டு தனியாகச் சாப்பாடு செய்து விற்பது மிகப் புதிய பழக்கம். ஆயிரக்கணக்கான வருசமாக நாய் மனிதர் சாப்பிட்டு மிஞ்சியதைத்தான் தின்று வளர்ந்தது. அதற்கேற்ப அதன் உடலும் மாறியது. 2013இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு, ஓநாயோடு ஒப்பிடும்போது மாப்பொருளைச் செரிக்க வைக்கும் மரபணுவின் பிரதிகள் நாயிடம் பல மடங்கு அதிகம் எனக் காட்டியது. ஆக, எங்கட வீட்டு நாய் சோறு தின்று சீவித்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. "நாய் ஓநாயின் பிள்ளை, தானியம் ஆகாது" எண்டு பையில் எழுதி விற்பவர்களுக்கு இது ஒரு பதிலும்தான்.

விற்பனைக்கு வந்த நாய் உணவின் கதை 1860களில் இலண்டனில் தொடங்குகிறது. ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர் இடிதாங்கி விற்க அங்கே போனவர். துறைமுகத்தில் கப்பற்காரர் வீசிய காய்ந்த பிஸ்கட்டை நாய்கள் தின்பதைப் பார்த்து அவருக்கு யோசனை வந்ததாகச் சொல்வார்கள். கோதுமை மா, மரக்கறி, இறைச்சிச் சேர்க்கை என்று கலந்து அவர் செய்த நாய் பிஸ்கட்டை முதலில் வாங்கியவர்கள் வேட்டைநாய் வளர்த்த கனவான்கள். அந்த நிறுவனத்தில் வேலை செய்த சார்ள்ஸ் கிரஃப்ட் 1891இல் தன் பெயரில் நாய்க் கண்காட்சியைத் தொடக்கினார். கிரஃப்ட்ஸ் இண்டைக்கும் நடக்கிறது. நாய்க்கு எது நல்லது என்பதை விளம்பரமும் கண்காட்சியும் சேர்ந்து தீர்மானிக்கும் வழக்கம் அப்போதே வந்துவிட்டது. பிஸ்கட்டுக்குள் என்ன இருக்கிறது எண்டு கேட்க வாங்கியவருக்கு ஒரு வழியும் இருக்கவில்லை.

அடுத்தது ரின் காலம். முதலாம் உலகப் போருக்குப் பிறகு மோட்டார் வண்டி வந்து அமெரிக்காவில் குதிரைகளுக்கு வேலை இல்லாமல் போனது. 1922இல் இலினோயில் குதிரை இறைச்சியை ரின்னில் அடைத்து நாய்க்கு விற்கத் தொடங்கினார்கள். அது நன்றாக ஓடியது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் தகரம் படைக்குத் தேவைப்பட்டது. ரின் நாய் உணவு நின்றது. கடதாசிப் பையில் கட்டக்கூடிய உலர் உணவு அந்த இடத்தைப் பிடித்தது. உலர் உணவு பரவியதற்கு நாயின் உடல்நலம் காரணமில்லை, தகரத் தட்டுப்பாடுதான் காரணம்.

இண்டைக்கு நாங்கள் பார்க்கும் மொறுமொறு உருண்டை 1950களில் வந்தது. காலைத் தானிய உணவு செய்யும் இயந்திரத்தில் நாய் உணவைச் செய்து பார்த்தது பியூரினா நிறுவனம். மாக்கலவையைச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரு துளையால் தள்ளினால் அது வெளியில் வந்து பொரி மாதிரி ஊதும். பிறகு காயவைத்து மேலே கொழுப்புத் தெளிப்பார்கள். 1957இல் அது கடைக்கு வந்தது. பெரும்பாலான உலர் உணவு இன்றும் இதே முறையில்தான் தயாராகிறது. உருண்டையின் மணம் நாயை இழுப்பதற்கு அந்தக் கொழுப்பும் ஒரு காரணம். பையைத் திறந்து கனநாள் வைத்தால் முதலில் கெட்டுப்போவதும் அதுதான்.

பைக்குள் இருப்பதை வெளியில் எழுத வைத்தது வேறொரு கூட்டம். அமெரிக்க மாநிலங்களின் தீவன அதிகாரிகள் 1909இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். 'ஆஃப்கோ' என்ற பெயரை இறக்குமதிப் பைகளில் கண்டிருப்பீர்கள். அது உணவைச் சோதிப்பதும் இல்லை, அனுமதி கொடுப்பதும் இல்லை. எந்தச் சத்து எவ்வளவு இருக்கவேணும் என்ற அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது. ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் வளர்ந்த நாய்க்குப் புரதம் குறைந்தது 18 சதவீதம், குட்டிக்கு 22.5 சதவீதம்.

ஆனால் எண் மட்டும் போதாது எண்டு 2007 காட்டியது. அந்த வருசம் மார்ச்சில் வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. ஆறு கோடிக்கு மேற்பட்ட ரின்களும் பொதிகளும் திரும்பப் பெறப்பட்டன. சீனாவில் இருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. ஏன் கலந்தார்கள்? ஆய்வுகூடத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை, நைதரசனை அளந்து கணக்குப் போடுவார்கள். மெலமைனில் நைதரசன் நிறைய. கலந்தால் புரதம் கூடின மாதிரிக் காட்டும். அடுத்த வருசமே சீனாவில் குழந்தைப் பால்மாவில் அதே மெலமைன் பிடிபட்டது. ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். நாய்ச் சாப்பாடு எண்டு தள்ளி வைத்த விசயம் பிள்ளைகளின் பால்போத்தல் வரைக்கும் வந்தது.

2018இல் இன்னொரு பாடம். தானியம் இல்லாத, பட்டாணியும் பருப்பும் கூடிய உணவுக்கும் நாயின் இதயத் தசை பலவீனமாகும் நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விசாரிக்கத் தொடங்கியது. காரணம் இதுதான் எண்டு இன்னும் உறுதியாகவில்லை. ஆனாலும் 'தானியம் அற்றது' என்ற சொல்லுக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை என்பது விளங்குகிறது.

சரி, சின்ன நாய் வைத்திருக்கும் நாங்கள் என்ன செய்யலாம்?

முதலில் படத்தை விட்டுவிட்டுப் பையின் பின்பக்கத்தைப் பாருங்கோ. 'முழுமையான, சமநிலை உணவு' எண்டும், அது குட்டிக்கா வளர்ந்த நாய்க்கா எண்டும் எழுதியிருக்கவேணும். சேர்மானப் பட்டியல் நிறையின் ஒழுங்கில் இருக்கும். ஒன்று கவனம்: பச்சை இறைச்சியில் பெரும்பகுதி தண்ணீர், அதனால் முதலிடத்தில் 'கோழி' எண்டு இருந்தால் உருண்டைக்குள் அவ்வளவு கோழி இருக்காது. காய்ச்சி உலர்த்திய கோழித்தூள் எண்டு இருப்பது தாழ்ந்த பொருள் அல்ல. வெறும் 'இறைச்சி' எண்டு போடாமல் எந்த மிருகம் எண்டு பெயர் சொல்லும் பை நல்லது. காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், தயாரித்தவரின் முகவரி மூன்றும் இருக்கவேணும். 2007இல் எதைத் திரும்பப் பெறுவது எண்டு அடையாளம் காண உதவியது இப்படியான இலக்கங்கள்தான்.

சின்ன நாய்க்குக் கிலோவுக்குத் தேவைப்படும் சக்தி கூட. சும்மா இருக்கும்போதே 5 கிலோ நாய்க்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 47 கலோரி வேணும். 30 கிலோ நாய்க்கு 30 போதும். வயிறும் வாயும் சின்னன். ஆகவே உருண்டை சின்னதாகவும் சக்தி செறிந்ததாகவும் இருக்கவேணும். 5 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 100 கிராம் போதும். அப்படியெண்டால் 3 கிலோப் பை ஒரு மாதம் வரும். மூட்டையாக வாங்கி எங்கட வெக்கையில் கெடவிடுவதை விட இது இலாபம். புதுச் சாப்பாட்டைப் பழையதோடு கலந்து ஏழு தொடக்கம் பத்து நாளில் மெதுவாக மாற்றுங்கோ.

வாங்க வசதியில்லாத வீடுகளில் சோறும் மீனும் கொடுப்பது குற்றமில்லை. வெங்காயம் போட்ட குழம்பும் சமைத்த எலும்பும் மட்டும் வேண்டாம். குட்டிக்குக் கல்சியம் போன்றவை குறையாமல் இருக்க மிருக வைத்தியரிட்டக் கேளுங்கோ.

நாய் தன் தட்டில் இருப்பதைப் பற்றிக் கதைக்காது. அதுக்காகக் கேட்கவேண்டியவர்கள் நாங்கள்தான். எங்கட தோழி இப்ப சின்னப் பை வாங்குகிறாள். முடிந்த பையையும் உடனே எறிவதில்லை. எழுத்துப் பக்கத்தை வெட்டி, குட்டியின் தடுப்பூசி அட்டைக்குள் வைத்திருக்கிறாள். அடுத்த முறை வைத்தியர் கேட்டால் பதில் இருக்கும்.