செக்கும் நந்தாவிளக்கும்

இங்கிலாந்தில் 1086ஆம் ஆண்டில் தொகுக்கப்பெற்ற டூம்ஸ்டே ஏட்டில் ஏறத்தாழ 6,000 ஆலைகள் குறிக்கப்பெற்றுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை நீரால் சுழன்ற மாவாலைகள். தம் ஊர் நீராலையின் பழமையை ஆராயும் அந்நாட்டார் பலர் அவ்வேட்டிலிருந்தே தொடங்குகின்றனர். அதே 1086இல்தான் முதற் குலோத்துங்கன் இங்கே நிலம் அளப்பித்தான். ஆயினும் குடிவழியாக நடந்த நம் செக்குகளின் வரலாற்றை அறிய அத்தகைய ஏடு இல்லை, கல்லில்தான் தேடவேண்டும்.

சோழர் கல்வெட்டுகளில் தறியிறையோடு செக்கிறையும் வருகிறது. இறை இருந்ததெனின், அதனை இறுத்த குடியும் இருந்திருக்கும். எண்ணெய் வாணிகர் சங்கரப்பாடியார் எனப்பெற்றனர். கோயில் விளக்குகளுக்கு எண்ணெய் அளக்கும் பொறுப்பையும் அவர்கள் ஏற்றிருந்தனர். இவற்றினும் நெருங்கிய சான்று கற்செக்கே. தனிக்கல்லில் குடைந்தனவும் உண்டு, பாறையிலேயே குடைந்தனவும் உண்டு. சிலவற்றின் விளிம்பில் செய்தளித்தவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்து வட்டமாகச் செல்வதால், தொடக்கம் எது எனக் காண்பதே படிப்போர்க்கு முதற்சோதனை. அளித்தவர் பெயர் கிடைத்துவிடும். மாடு பூட்டி ஆட்டியவர் பெயர் கிடைப்பது அரிது.

நம் சமயத்தார்க்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. எள், கரும்பு முதலியவற்றை எந்திரத்திலிட்டுப் பிழியும் தொழிலைச் சிராவகர் விலக்கவேண்டிய வன்தொழில்களுள் ஒன்றாகச் சமண ஒழுக்க நூல்கள் வைத்துள்ளன. கூலத்தோடு சிற்றுயிரும் நசுங்கும் என்பதே காரணம். ஆனால் ஜினாலயத்தில் விளக்கு எரியவேண்டுமே! திருமலைக் குந்தவை ஜினாலயத்துக்கு முதலாம் இராசேந்திரன் காலத்தில் சாமுண்டப்பை என்னும் வணிகர் மனைவியார் விளக்குக்கும் திருவமுதுக்கும் பொருள் அளித்தார். நந்தாவிளக்கெனில் நெய்யோ எண்ணெயோ நாள் தவறாது வந்தாகவேண்டும். நெய்க்கு ஆடுமாடுகளைக் கொடையளித்த செய்திகள் விரிவாகக் கிடைக்கின்றன, எண்ணெய் என்றாலோ (எள்ளின் நெய்தானே அது!) ஒரு செக்கு எங்கோ சுழன்றிருக்கவேண்டும். நூல்கள் விலக்கச் சொன்ன தொழிலின் பயனை விளக்குக்கு ஏற்றுக்கொண்டோம். அத்தொழிலாளரை விடுத்து விளக்குக் கொடைகளை மட்டும் எழுதுவது அரை வரலாறே என்பது என் கருத்து.

மின்விசைச் செக்குகள் வந்தபின் மாட்டுச்செக்குகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. மரவுலக்கை விறகாயிற்று, கல் மட்டும் மாட்டுத்தொட்டியாகவோ வேலியோரக் கல்லாகவோ கிடக்கிறது. வந்தவாசி, செய்யாறு, ஆரணிப் பக்கத்து நம் ஊர்களில் அத்தகைய கல்லைக் கண்டால் விளிம்பை நீரால் கழுவி, சாய்ந்த வெயிலில் படமெடுத்து வையுங்கள். உளியோ அமிலமோ படலாகாது. மூத்தோரிடம் கேட்க வேண்டியவை சில: செக்கு எவர் வீட்டினது? உலக்கை வாகையா, வேறு மரமா? ஆட்டுக்கூலி காசாகவா, பிண்ணாக்காகவா? கோயிலுக்கு எண்ணெய் அளந்தவர் எந்த வீட்டார்?