பதினைந்து வருடக் குத்தகை: செசில் பீட்டனும் பணக்கார நண்பர்களும்

நூல் வெளியீட்டு விழாக்களில் படம் எடுத்துக் கொடுக்கும் வேலையைச் சில வருடங்கள் செய்திருக்கிறேன். சம்பளம் கிடையாது. நண்பர்களுடைய புத்தகம், என்னிடம் ஒரு கேமரா, அவ்வளவுதான். அந்த வேலையில் முதலில் கற்றுக்கொண்ட பாடம் இது: எழுத்தாளரின் முகம் கொஞ்சம் மங்கலாக விழுந்தால் பரவாயில்லை, முதல் நூல் பெறும் டத்தோவின் முகம் மங்கக் கூடாது. நூலும் உறையும் கைமாறும் அந்த இரண்டு விநாடியைத் தவறவிட்டால், “இன்னொரு தடவை குடுங்க டத்தோ” என்று கேட்டு மறுபடியும் கொடுக்க வைப்போம். அவரும் சிரித்துக்கொண்டே கொடுப்பார். நாமும் சிரிப்போம். அந்தச் சிரிப்பு நட்பா, நன்றியா, வியாபாரமா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இந்தக் குழப்பத்தோடுதான் செசில் பீட்டனைப் படிக்க ஆரம்பித்தேன். பெயர் தெரியாவிட்டாலும் அவருடைய வேலையை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்புண்டு. 1953ல் முடிசூடிய எலிசபெத் ராணியின் அதிகாரபூர்வப் படங்களை எடுத்தவர் அவர். ‘மை ஃபேர் லேடி’ படத்தில் குதிரைப் பந்தயக் காட்சி முழுக்கக் கறுப்பு வெள்ளை உடைகளாக வருமே, அந்த உடைகளும் அவர் வரைந்தவைதான். புகைப்படக்காரர், உடை வடிவமைப்பாளர், எழுத்தாளர். எல்லாவற்றுக்கும் மேலாக, பணக்காரர்களின் நண்பர். அந்தக் கடைசிப் பட்டம் இல்லாமல் மற்றவை கிடைத்திருக்குமா என்பதுதான் கேள்வி.

பீட்டன் 1904ல் லண்டனில் பிறந்தார். அப்பா மர வியாபாரி. வசதியான குடும்பம்தான், ஆனால் மேட்டுக்குடி இல்லை. இங்கிலாந்தில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய சுவர் இருந்தது. பணம் இருந்தால் மட்டும் அதைத் தாண்டிவிட முடியாது. வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட தாதியிடம் ஒரு கோடாக் கேமரா இருந்தது. பையன் அவரிடம் படம் எடுக்கக் கற்றுக்கொண்டான். மாடல்கள் வீட்டிலேயே இருந்தார்கள்: அம்மாவும், நான்சி, பாபா என்ற இரண்டு தங்கைகளும். எடுத்த படங்களைப் பத்திரிகைகளுக்கு அனுப்பினான். சில சமயம் வேறொரு பெயரில், ‘பீட்டன் என்றொரு இளைஞர் நன்றாகப் படம் எடுக்கிறார், கவனியுங்கள்’ என்று தானே சிபாரிசுக் கடிதமும் எழுதினான். நம்ம ஆட்கள் தன் புத்தகத்துக்குத் தானே புனைபெயரில் விமர்சனம் எழுதுவதைக் கேலி செய்வோம் இல்லையா, அதற்கு இப்படி ஒரு முன்னோடி இருக்கிறார்.

கேம்பிரிட்ஜில் சேர்ந்து, பட்டம் வாங்காமலே 1925ல் வெளியேறினார். கதவு திறந்தது அதற்குப் பிறகு. கவிஞர் எடித் சிட்வெல்லும் அவருடைய இரண்டு தம்பிகளும் அன்றைய லண்டன் இலக்கிய உலகில் செல்வாக்கானவர்கள், பிரபு குடும்பம். 1927ல் பீட்டன் எடித்தைத் தரையில் படுக்கவைத்து, கையில் அல்லி மலர்களோடு, பழைய தேவாலயக் கல்லறைச் சிலை மாதிரிப் படம் எடுத்தார். எடித் வழக்கமான அழகி இல்லை. நீண்ட மூக்கு, மெலிந்த முகம். அந்த முகத்தைப் பீட்டன் ஒரு காவிய முகமாக மாற்றினார். அந்த வருடமே அவருடைய முதல் கண்காட்சியும் நடந்தது.

அதே வருடம் ஸ்டீபன் டென்னண்ட்டின் நட்பும் கிடைத்தது. கிளென்கானர் பிரபுவின் கடைசி மகன். வில்ட்ஷயரில் அவர்களுடைய வில்ஸ்ஃபோர்ட் மாளிகை. அங்கே நண்பர்கள் எல்லாரும் பழைய பிரெஞ்சு ஓவியத்தில் வரும் ஆயர்கள் போல உடுத்திக்கொண்டு, முகத்தில் பவுடர் பூசி, ஒரு சின்னப் பாலத்தின் மேல் நிற்கும் புகைப்படம் இருக்கிறது. அதில் பீட்டனும் நிற்கிறார். அந்தப் படம் முக்கியமானது. பிரபுக்கள் வீட்டில் படம் எடுப்பவர் வேலைக்காரர்கள் வாசல் வழியாகத்தான் வருவார். பீட்டன் படத்துக்குள்ளேயே போய் நின்றுவிட்டார்.

எப்படி முடிந்தது? அவர் கொடுத்த சரக்கு அப்படி. அந்தப் பணக்கார இளசுகளிடம் வீடு இருந்தது, நகை இருந்தது, பரம்பரைப் பெயர் இருந்தது. கண்ணாடியில் தெரிவதைவிட அழகான ஓர் உருவம் மட்டும் இல்லை. பீட்டன் பின்னணியில் வெள்ளித் தாளைத் தொங்கவிட்டார், பலூன் கட்டினார், கண்ணாடிகளை அடுக்கினார். அப்புறம் நெகட்டிவில் கை வைத்து இடுப்பை மெலியவைத்தார், தாடையைத் திருத்தினார், சுருக்கங்களை நீக்கினார். இன்றைக்கு நம் கைப்பேசி ஒரு தட்டலில் செய்வதை அவர் கையால் செய்தார். 1930ல் வந்த அவருடைய முதல் புத்தகத்தின் பெயரே ‘அழகின் புத்தகம்’ என்ற அர்த்தத்தில்தான் இருந்தது. படமும் எழுத்தும் அவருடையவை.

அந்த வருடம் இன்னொன்றும் நடந்தது. வில்ட்ஷயரில் ஒரு பள்ளத்தாக்கில் ஆஷ்கோம் என்ற பாழடைந்த வீட்டைக் கண்டுபிடித்தார். உரிமையாளர் விற்கத் தயாராக இல்லை. பழுது பார்த்துக்கொண்டால் வருடத்துக்கு ஐம்பது பவுண்டு வாடகைக்குத் தருவதாக ஒப்பந்தம். பீட்டன் தன் பணத்தைக் கொட்டினார். ஓவியர் ரெக்ஸ் விஸ்லர் வாசலை வடிவமைத்துக் கொடுத்தார். படுக்கையறைச் சுவர்களில் சர்க்கஸ் ஓவியங்கள். வார இறுதிகளில் பிரபுக்களும் நடிகைகளும் வந்து தங்கினார்கள். யார் பார்த்தாலும் பீட்டனின் மாளிகை என்றுதான் சொல்வார்கள். 1945ல் குத்தகை முடிந்தது, உரிமையாளர் புதுப்பிக்கவில்லை. வீட்டைக் காலி செய்தார். நான்கு வருடம் கழித்து அந்த வீட்டைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதற்குத் துணைத்தலைப்பாக, இது பதினைந்து வருடக் குத்தகையின் கதை என்று அவரே வைத்தார். அவருடைய நட்புகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் தலைப்பு அது. அலங்காரம் உங்களுடையது, நிலம் அவர்களுடையது.

நட்புகளில் ஒன்றுமட்டும் இந்தக் கணக்கில் அடங்கவில்லை. 1930ல் வியன்னாவில் பீட்டர் வாட்சனைச் சந்தித்தார். வாட்சனின் அப்பா பால்பண்ணைக் கடைகளும் மார்ஜரின் வியாபாரமும் வைத்துப் பெரும் பணம் சேர்த்தவர். பீட்டன் வாட்சனைக் காதலித்தார். ஆணும் ஆணும் காதலிப்பது அங்கே 1967 வரை சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். ஆனால் பீட்டனை வாட்டியது சட்டம் இல்லை. வாட்சன் கூடவே பயணம் வந்தார், சிரித்துப் பேசினார், அந்தக் காதலை மட்டும் திருப்பித் தரவில்லை. பல வருடங்கள் பீட்டன் அதைச் சுமந்தார்.

அந்த வாட்சன் பிறகு என்ன செய்தார் என்று பாருங்கள். 1940ல் சிரில் கானொலி ‘ஹொரைசன்’ என்ற இலக்கிய இதழைத் தொடங்கியபோது பணம் போட்டவர் அவர். யுத்தகாலம், காகிதத் தட்டுப்பாடு, ஆனாலும் இதழ் பத்து வருடம் வந்தது. ஜார்ஜ் ஆர்வெல்லின் மிகச் சிறந்த கட்டுரைகள் சில அதில்தான் வெளியாயின. இளம் ஓவியர்கள் லூசியன் ஃபிராய்ட், ஜான் கிராக்ஸ்டன் போன்றவர்களுக்கும் வாட்சன் துணையாக நின்றார். லண்டனில் சமகாலக் கலைக் கழகத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். மேடையில் முதல் வரிசை நாற்காலி கேட்கும் புரவலர் இல்லை அவர். ஒதுங்கியே இருந்தார். 1956ல் குளியல் தொட்டியில் மூழ்கி இறந்து கிடந்தார்.

அந்த ஓவியர்கள் வாட்சனிடம் வாங்கியது நேரம், கான்வாஸ், பயமில்லாமல் வேலை செய்யும் சுதந்திரம். பீட்டன் வேண்டியது வேறு: அந்த உலகத்துக்குள் ஒரு நிரந்தர இடம். முதலாவதைப் பணத்தால் கொடுத்துவிட முடியும். இரண்டாவதை எந்தப் பணக்காரனாலும் கொடுக்க முடியாது. அவர்களால் அழைப்பிதழ் மட்டுமே கொடுக்க முடியும், அதுவும் ஒவ்வொரு முறையும் புதிதாக.

அழைப்பிதழை நம்பி வாழ்பவனுக்குள் என்ன வளரும் என்பதை 1938 காட்டியது. அமெரிக்க ‘வோக்’ இதழுக்காக நியூயார்க் பெரிய மனிதர்களின் உலகைப் பற்றிய கட்டுரைக்கு ஓவியம் வரைந்தார். ஓரத்தில், உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவு பொடி எழுத்தில், யூதர்களைக் கேவலப்படுத்தும் ஒரு வசைச்சொல். பத்திரிகையாளர் வால்டர் வின்செல் அதை அம்பலப்படுத்தினார். உரிமையாளர் காண்டே நாஸ்ட் பீட்டனை வேலையிலிருந்து நீக்கினார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஐந்து வருடம் ஆகியிருந்த நேரம் அது.

அவருடைய ரசிகர்கள் இதை ஒரு கைத்தவறாகச் சொல்லிக் கடந்துவிடுவது உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலிக்குள் கடைசியாக நுழைந்தவன்தான் முள்ளை இறுக்கிக் கட்டுகிறான். தான் உள்ளே இருப்பவன் என்று காட்ட அவனுக்கு வெளியே ஒருவன் வேண்டியிருக்கிறது. மர வியாபாரியின் மகனுக்கு அந்தப் பொடி எழுத்து தேவைப்பட்டது. நம் ஊர் இலக்கியச் சண்டைகளிலும் இந்த ஆளை நாம் பார்த்திருக்கிறோம்.

1939 ஜூலையில் அரண்மனையிலிருந்து அழைப்பு வந்தது, ராணியைப் படம் எடுக்க. அதுவும் அவருக்குத் தோள் கொடுத்தது. ஆனால் அவரை மீட்டது யுத்தம்தான் என்பேன். தகவல் அமைச்சுக்காகச் சுமார் 7,000 படங்கள் எடுத்தார். 1940ல், குண்டுவீச்சில் காயமடைந்த மூன்று வயதுச் சிறுமி, தலையில் கட்டோடு, மருத்துவமனைக் கட்டிலில் பொம்மையைப் பிடித்துக்கொண்டு நேரே பார்க்கிறாள். செப்டம்பர் மாத ‘லைஃப்’ இதழின் அட்டையில் அந்தப் படம் வந்தது. வெள்ளித்தாள் இல்லை, பலூன் இல்லை, இடுப்பைத் திருத்த வேண்டியதும் இல்லை. 1944ல் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் சீனாவுக்கும் அனுப்பினார்கள். அங்கேயும் வைஸ்ராய் மாளிகையின் சரவிளக்குகளை விட்டுவைக்கவில்லை, பழக்கதோஷம். ஆனால் காயம்பட்ட சிப்பாய்களையும் மருத்துவமனைகளையும் எடுத்த படங்களில் வேறொரு கண் இருக்கிறது. அரசாங்கமும் ஒரு புரவலர்தானே, பிரச்சாரம்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். இருந்தாலும் அந்தச் சிறுமி அவரை விருந்துக்கு அழைக்கப் போவதில்லை. அவளை மகிழ்விக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

யுத்தம் முடிந்ததும் மறுபடியும் விருந்துகள். கூடவே நாட்குறிப்பு. இளம் வயதிலிருந்து விடாமல் எழுதி வந்த நாட்குறிப்புகளில் ஆறு தொகுதிகளை 1961 முதல் 1978 வரை அவரே வெளியிட்டார். கிரேட்டா கார்போவுடனான தன் உறவை 1972ல் அச்சில் போட்டார். தனிமையைப் பொத்திப் பொத்திக் காத்த பெண் அவர். ஆனாலும் அவர் வெளியிட்டது திருத்திய பிரதிதான். ஹ்யூகோ விக்கர்ஸ் 2002ல் திருத்தாத பகுதிகளைப் பதிப்பித்தபோதுதான் தெரிந்தது, மூலத்தில் விருந்து கொடுத்தவர்களின் சுருக்கங்கள், பேராசை, அசட்டுத்தனம் எல்லாம் அப்படியே இருந்தன என்று. பகலில் நெகட்டிவிலிருந்து நீக்கியதை எல்லாம் ராத்திரியில் நோட்டில் எழுதிவைத்திருக்கிறார்.

அவருடைய நண்பர் ட்ரூமன் கபோட்டே இதையே வேறு விதமாகச் செய்தார். தனக்கு விருந்து வைத்த பணக்காரப் பெண்களின் ரகசியங்களை 1975ல் கதையாக்கி வெளியிட்டார். கதவுகள் எல்லாம் ஒரே நாளில் சாத்தப்பட்டதுபோல் ஆனது. பீட்டன் அதைவிடக் கெட்டிக்காரர். கசப்பான பக்கங்களைத் தன் மரணத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, விருந்தைச் சாப்பிட்டார். இரண்டில் எது நேர்மை என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கபோட்டே நண்பர்களுக்குத் துரோகம் செய்தார் என்றால், பீட்டன் தன் படங்களுக்குச் செய்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

1971 டிசம்பரில் பாரிஸுக்கு வெளியே ஃபெரியேர் மாளிகையில் ஒரு பெரிய விருந்து. எழுத்தாளர் மார்சல் புரூஸ்ட்டின் நூற்றாண்டுக்காக எல்லாரும் அந்தக் கால உடையில் வரவேண்டும். விருந்தினர்களைப் படம் எடுக்க வந்த பீட்டன், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படக்காரர் நாடாரைப் போல (நம் நாடார் இல்லை, பிரெஞ்சு நாடார்) வேடம் போட்டிருந்தார். விருந்து கொடுத்தவர்கள் ரோத்சைல்ட் குடும்பம், ஐரோப்பாவின் மிகப் பிரபலமான யூதக் குடும்பம். 1938ல் அந்தப் பொடி எழுத்தை எழுதிய அதே கை அங்கே கேமராவைப் பிடித்திருந்தது. அதை அந்த ராத்திரி அங்கே எத்தனை பேர் நினைத்தார்களோ. அவர் நினைத்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த வருடம் சர் பட்டம் கிடைத்தது. 1974ல் பக்கவாதம், வலது கை போனது. பிறகு இடது கையால் வரையப் பழகினார். ஐம்பது வருடம் கோடீஸ்வரர்கள் நடுவே வாழ்ந்த அந்த மனிதருக்கு முதுமையில் வந்த கவலை, பணம். 1976ல் சதபீஸ் ஏல நிறுவனத்தோடு பேச்சு ஆரம்பித்தது. அரச குடும்பத்துப் படங்களும் ‘வோக்’ வசம் இருந்தவையும் போக, மீதிப் புகைப்படங்களை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். அந்த வருமானத்தில் கடைசி நாட்களை ஓட்டி, 1980 ஜனவரியில் இறந்தார். கடைசியில் அவருக்குச் சோறு போட்டது நண்பர்கள் இல்லை, அவர்களை எடுத்த படங்கள்.

இதை எழுதும் சாக்கில் என் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஏழெட்டு வெளியீட்டு விழாக்கள். டத்தோக்கள் எல்லாரும் பளிச்சென்று கூர்மையாக இருக்கிறார்கள், நெற்றி விபூதிகூடத் தெரிகிறது. பக்கத்தில் புத்தகத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் என் நண்பர்கள் பாதிப் பேர் மங்கல். அதில் இரண்டு பேர் இப்போது எழுதுவதில்லை. அவர்களுடைய முகம் தெளிவாக விழுந்த ஒரு படம்கூட என்னிடம் இல்லை.