ஸ்பெயினும் முல்லோயாவும்: வாக்குரிமை, நிலவுடைமை, அரசு

ஸ்பானிய உள்நாட்டு யுத்தத்தை (1936–1939) சனநாயகத்துக்கும் பாசிசத்துக்கும் இடையிலான மோதலாகவும், இரண்டாம் உலக யுத்தத்தின் முன்னோட்டமாகவும் நோக்குவதே பெருவழக்கு. இந்நோக்கு பிழையானதன்று, ஆயின் முழுமையானதுமன்று. அந்த யுத்தத்தின் ஆழமான வேர்களுள் ஒன்று தென் ஸ்பெயினின் பெருநிலங்களிலே இருந்தது. அதனை இனங்காணும்போது, யுத்தம் முடிந்து ஓராண்டு நிறையுமுன் கண்டிக்கு அண்மையில் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டமொன்றில் நிகழ்ந்த கொலையும் தெளிவான பொருள் பெறுகின்றது.

1931ஆம் ஆண்டு இரு நாடுகளுக்கும் முக்கியமானது. அவ்வாண்டு ஏப்ரில் 14இல் ஸ்பெயினில் முடியாட்சி வீழ்ந்து இரண்டாம் குடியரசு பிரகடனப்படுத்தப்பட்டது. அதே ஆண்டில் இலங்கையில் டொனமூர் அரசியல் திட்டத்தின்கீழ் சர்வசன வாக்குரிமையோடு முதலாவது தேர்தல் நடைபெற்றது. இரண்டும் முற்போக்கான மாற்றங்களே. ஆயினும் இரண்டும் உற்பத்தி உறவுகளைத் தொடாது விட்டன, அல்லது தொடத் தயங்கின.

அந்தலூசியாவிலும் எஸ்திரமதுராவிலும் நிலம் ஒருசில குடும்பங்களிடம் குவிந்திருந்தது. நிலமற்ற கூலிகள் ஊர்ச் சதுக்கத்தில் கூடிநின்று அன்றைய வேலைக்கு விலைபேசப்பட்டனர். 1932இன் நிலச்சீர்திருத்தச் சட்டம் சில ஆயிரம் குடும்பங்களுக்கு மேல் எட்டவில்லை. 1933 ஜனவரியில் காஸாஸ் வியெகாஸ் என்னும் கிராமத்தில் கிளர்ந்தெழுந்த ஏழை விவசாயிகளுள் இருபதுக்கும் மேற்பட்டோரைக் குடியரசின் காவற்படையே கொன்றது. 1936 பெப்ரவரியில் மக்கள் முன்னணி வெற்றிபெற்றது. மார்ச்சு 25இல் பதஹோஸ் மாகாணத்தில் ஏறத்தாழ 60,000 விவசாயிகள் சட்டத்துக்குக் காத்திராது நிலங்களுட் புகுந்து உழத் தொடங்கினர். யூலையில் தளபதிகள் கிளர்ந்தெழுந்தபோது நிலப்பிரபுக்கள் எப்பக்கம் நின்றனர் என்பதை விளக்கவேண்டியதில்லை.

பிரித்தானியாவின் நிலைப்பாடு இவ்விடத்திற் கவனத்துக்குரியது. இத்தாலியும் ஜேர்மனியும் பிராங்கோவுக்குப் படையும் படைக்கலமும் அனுப்பிக்கொண்டிருக்கையில், அது ‘தலையிடாமை’க் கொள்கையின் பெயரால் குடியரசு ஆயுதம் பெறுவதைத் தடுத்து நின்றது. 1939 பெப்ரவரி 27இல் பிராங்கோவின் ஆட்சியை அங்கீகரித்தது. அதே பிரித்தானியா செப்டெம்பர் 3இல் சனநாயகத்தின் பெயரால் யுத்தப் பிரகடனஞ் செய்தது.

நான்கு மாதங்கள் கழிந்தன. 1940 ஜனவரி 10இல், ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கோரிய வேலைநிறுத்தத்தின்போது, கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். சமசமாஜக் கட்சியினர் தலைமைதாங்கிய தொழிற்சங்கமே அங்கு இயங்கியது. விசாரணை ஆணைக்குழு முன் கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார்.

வேலைநிறுத்தக்காரர் மீதான வழக்குகளை ஒத்திவைக்கக் கோருமாறு உள்நாட்டமைச்சர் டி. பி. ஜயதிலக பொலிஸ் மா அதிபருக்குப் பணித்தார். தேசாதிபதி கால்டிகொட்டோ பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார். 1940 பெப்ரவரியில் அமைச்சர்கள் பதவி துறந்தனர். எனினும் விரைவிலேயே மீண்டும் பதவியேற்றனர். வாக்குப் பெட்டியினூடாக வந்த அமைச்சரின் சொல் துப்பாக்கி ஏந்தியவரைக் கட்டுப்படுத்தவில்லை. காஸாஸ் வியெகாஸில் மக்கள் தெரிந்த அரசே சுட்டது. முல்லோயாவில் மக்கள் தெரிந்த அமைச்சரால் பொலிஸை ஆள முடியவில்லை. வடிவங்கள் வேறு, உடைமையைக் காப்பதில் ஆயுதப்படை வகித்த பாத்திரம் ஒன்றே.

ஒப்புமையை எல்லை கடந்து நீட்டுவது ஆய்வாகாது. அந்தலூசியக் கூலி தன் நாட்டின் பிரசை. நிலம் தனதென உரிமை கோரினான். லயத்து அறையில் வாழ்ந்தவனோ கங்காணி முறையின் வழி கொண்டுவரப்பட்டவன்; கூலியையும் சங்கம் அமைக்கும் உரிமையையுமே முதலிற் கேட்டான். 1931இன் வாக்குரிமைகூட அவனுக்கு வதிவிட நிபந்தனைகளோடேயே கிட்டியது. 1947இல் மலையகத் தமிழர் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தற் சட்டத்திருத்தமும் அவ்வுரிமையைப் பறித்தன. ஸ்பெயினில் யுத்தத்தாற் சாதித்ததை இங்கு ஆளும் வர்க்கம் சட்டத்தால் சாதித்தது. பறிக்கப்பட்ட தொகுதியினரின் எஞ்சியோருக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று.

பிராங்கோ 1975இல் இறந்தார்; 2019இல் அவரது உடல் அரச நினைவிடத்திலிருந்து அகற்றப்பட்டது. கொல்லப்பட்டோரின் புதைகுழிகளைத் தேடுவதை ஸ்பெயின் தன் சட்டக் கடமையாக ஏற்றுள்ளது. இங்கு ஜனவரி 10 மலையகத் தியாகிகள் தினமாக நினைவுகூரப்படுகின்றது. ஆயின் அதனை நினைப்பவர் பெரும்பாலும் மலையகத்தாரே. இலங்கையின் சனநாயக வரலாற்றை 1931இன் வாக்குரிமையோடு தொடங்கி 1948இன் சுதந்திரத்தோடு நிறைவுசெய்யும் நூல்கள், இவ்விரண்டுக்கும் நடுவே முல்லோயா நிற்பதைக் காண்பதில்லை. அதனைக் காணாதவரை, 1949இல் வாக்குரிமை ஏன் பறிக்கப்பட்டது என்ற வினாவுக்கும் முழுமையான விடை கிட்டாது.