2>&1 பிறந்த கதை

லினக்ஸில் கமாண்ட் அடித்துப் பழகியவர்களில் பெரும்பாலோர் 2>&1 என்ற குறியை எங்கிருந்தாவது எடுத்து ஒட்டியிருப்பார்கள். வேலை செய்யும்வரை கவலையில்லை. எரர் ஃபைலுக்குள் போகாமல் திரையில் வந்து விழும் நாளில்தான் திண்டாட்டம். அந்த 2 எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் மர்ரே ஹில் என்ற ஊரிலுள்ள பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் வளர்ந்துகொண்டிருந்தது. அதை உருவாக்கியவர்கள் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும். புரோகிராமுக்கு 0 என்று எண்ணிட்ட வழியாக இன்புட் வரும், 1 என்ற வழியாக அவுட்புட் போகும். > போட்டால் 1 டெர்மினலை விட்டு ஃபைலுக்குத் திரும்பும். எரர் வந்தால் அதுவும் அதே 1 வழியாகத்தான் போகும். திரையில் எதுவும் தெரியாது. 1973இல், ஒரு புரோகிராமின் அவுட்புட்டை அடுத்ததற்கு இன்புட்டாகக் கொடுக்கும் பைப் வந்ததும் இந்தத் தொல்லை பெருகியது. ஒரு புரோகிராம் கொடுக்கும் எரரை அடுத்த புரோகிராம் டேட்டா என்றே எடுத்துக்கொள்ளும்.

அதே காலத்தில் ஆய்வகத்துக்கு சி.ஏ.டி. என்ற ஒளி அச்சுக்கோப்பு இயந்திரம் வந்தது. அதை ஓட்டுவதற்காகவே ஜோ ஒஸானா டிராஃப் என்ற புரோகிராமை எழுதினார். இயந்திரத்துக்குள் எழுத்துருவங்கள் பதிந்த ஃபிலிம் சுழலும். வேண்டிய எழுத்து வரும்போது விளக்கு மின்னி, லென்ஸ் வழியாக ஃபோட்டோ தாளில் அதைப் பதிக்கும். அந்த நேரத்தில் தாளில் ஒன்றும் தெரியாது. நீளமான அந்தத் தாளை நாற்றமடிக்கும் ரசாயன இயந்திரத்துக்குள் கவனமாகச் செலுத்தி, சில நிமிஷம் காத்திருந்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும்.

அங்கே வேலை பார்த்தவரும், யாக் என்ற புகழ்பெற்ற கருவியை எழுதியவருமான ஸ்டீவ் ஜான்சன் பின்னாளில் நினைவுகூர்ந்த சம்பவம் இது. ஒருநாள் மதியம் பலருக்கும் ஒரே கதி. தாளைக் கழுவி எடுத்துப் பார்த்தால், எழுதிய கட்டுரையைக் காணோம். ‘இந்த ஃபைலைத் திறக்க முடியவில்லை’ என்ற ஒரே வரி மட்டும் அழகாக அச்சாகியிருந்தது. எல்லாரும் புலம்பினார்கள், கேட்க வேண்டியவர்கள் காதிலும் அது விழுந்தது. ஓரிரு நாளில் எரருக்கென்று தனி வழி பிறந்துவிட்டது. அதன் எண்தான் 2.

1975இல் வந்த யூனிக்ஸின் 6ஆம் பதிப்பில் 2 இருந்தது. ஆனால் அதை மட்டும் தனியாகத் திருப்பிவிட, நாம் அடிக்கும் கமாண்டைப் படித்து ஓட்டும் ஷெல்லில் வழி இல்லை. 1979இல் 7ஆம் பதிப்போடு வந்த ஸ்டீபன் போர்னின் ஷெல்தான் 2>, 2>&1 இரண்டையும் கொடுத்தது. இன்றைய பாஷ் அதன் வழிவந்தது.

நம்மில் பலர் தடுமாறும் இடம் இங்கேதான். 2>&1 என்றால் ‘1 எங்கே போனாலும் 2 கூடவே போகட்டும்’ என்று பொருள் இல்லை. இந்த நொடியில் 1 எந்த விலாசத்தில் இருக்கிறதோ, அதை 2 பார்த்து எழுதிக்கொள்கிறது, அவ்வளவே. பிறகு 1 வீடு மாறினால் 2-க்குத் தெரியாது. ஷெல் இடமிருந்து வலமாகப் படிக்கும். எனவே > பதிவு 2>&1 என்று எழுதினால் இரண்டும் ‘பதிவு’ என்ற ஃபைலுக்குப் போகும். 2>&1 > பதிவு என்று மாற்றினால் எரர் திரையிலேயே நிற்கும். பைப் மட்டும் மற்றவற்றுக்கு முன்பே போடப்படுவதால் 2>&1 | சரியாக வேலை செய்கிறது.

& விட்டுப்போய் 2>1 என்று எழுதினால் 1 என்ற பெயரில் ஒரு ஃபைல் முளைக்கும். 2-க்கும் >-க்கும் நடுவே இடம் விட்டால், அந்த 2 கமாண்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பாஷில் ஓடும் &> சுருக்கம் உபுண்டுவின் டாஷ் ஷெல்லில் வேறு பொருள் தரும்: கமாண்ட் பின்னணியில் ஓடும், ஃபைல் காலியாகக் கிடக்கும். குறித்த நேரத்தில் கமாண்டுகளைத் தானாக ஓட்டும் கிரானில் இதனால் மாட்டுகிறவர்கள் அதிகம். கிரான் வழக்கமாக அழைப்பது சாதாரண ‘எஸ்எச்’ ஷெல்லைத்தான்; உபுண்டுவில் அது டாஷ்.

எல்லாம் சரியாக எழுதியும் ஃபைலில் வரிகள் முன்பின்னாக இருந்தால் பயப்பட வேண்டாம். ஃபைலுக்குப் போகும் 1 வழக்கமாகச் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதும். 2 வந்தவுடனே எழுதிவிடும். எந்த நிலையிலும் எரர் மனிதர் கண்ணில் படவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

உங்கள் ஸ்கிரிப்டுகளில், எரரை யார் கண்ணிலும் படாமல் தூக்கியெறியும் 2>/டெவ்/நல் என்று எங்கெல்லாம் இருக்கிறது என்று இன்றே ஒருமுறை தேடிப் பாருங்கள். காரணம் சொல்ல முடியாத இடங்களில் அதை எடுத்துவிட்டு, எரரை ஒரு ஃபைலுக்கு அனுப்புங்கள்.