சக்கரத்தின் கனம்: ஒரு சிறு வரலாறு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர், ஆறு சிலிண்டர் கொண்ட பழைய பிஎம்டபிள்யூ கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். அதன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு மேனுவல் பொருத்தப் போகிறாராம். "சார், ஃபிளைவீல் விஷயத்தில்தான் குழப்பம். கம்பெனி கொடுக்கும் டூயல் மாஸ் போடுவதா, எடை குறைந்த ஒற்றை ஃபிளைவீல் போடுவதா?" என்று கேட்டிருந்தார். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் சக்கரம் கனமாக இருக்க வேண்டுமா, லேசாக இருக்க வேண்டுமா என்ற கேள்வி இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது எளிது.

ஃபிளைவீலின் வேலை என்ன? குயவர் கோலால் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் கோலைக் கீழே வைத்துவிடுகிறார். பிறகு இரண்டு கையாலும் பானை வனைகிறார். அதுவரை சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. விட்டு விட்டுக் கிடைக்கும் விசையை வாங்கிச் சேமித்து, சீராகத் திருப்பித் தருகிறது. வகுப்பில் நிலைமம் என்று நடத்தினேனே, அதுதான் இது.

நீராவி எஞ்சின் முதலில் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கத்தான் வந்தது. அதற்கு மேலும் கீழும் ஆடினால் போதும். ஆலைகளை ஓட்ட வேண்டும் என்றபோதுதான் சுழற்சி தேவைப்பட்டது. அதுவும் சீரான சுழற்சி. நூற்பாலையில் எஞ்சின் வெட்டி வெட்டி ஓடினால் நூல் அறுந்துபோகும். 1780-ல் பர்மிங்காமைச் சேர்ந்த ஜேம்ஸ் பிக்கார்டு என்பவர், எஞ்சினில் கிராங்க் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஜேம்ஸ் வாட்டுக்கு வேறு வழி தேட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே 'சூரியனும் கோளும்' என்ற பல்சக்கர அமைப்புக்கு அவர் காப்புரிமை பெற்றார். இதில் எதிர்பாராத ஒரு லாபமும் கிடைத்தது. எஞ்சின் ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தால் ஃபிளைவீல் இரண்டு முறை சுற்றும். வேகம் இரு மடங்கானால் சேமிக்கும் ஆற்றல் நான்கு மடங்கு. ஆகவே அதே அளவுள்ள சக்கரம் கால் பங்கு கனத்தில் இருந்தாலே போதும். 'லேசான ஃபிளைவீல்' என்பது நேற்று வந்த மோகம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். 1785-ல் லண்டன் விட்பிரெட் மதுபான ஆலையில் நிறுவிய இந்த வகை எஞ்சின் 1887 வரை உழைத்தது. இப்போது சிட்னி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அடுத்த நூற்றாண்டில் கார்ல் பென்ஸ் கார் செய்தார். 1886-ல் அவர் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் இருந்தது ஒரே ஒரு சிலிண்டர், முக்கால் குதிரைத்திறன். நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சிலிண்டர் என்றால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு. மீதி நேரமெல்லாம் வண்டி ஃபிளைவீலின் தயவில்தான் ஓட வேண்டும். அதனால் பின்புறம் ஒரு பெரிய சக்கரத்தைப் படுக்கைவாட்டில் வைத்தார். அதைக் கையால் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்புவார்கள். நம் ஊர்க் கிணற்று மேட்டில் இருந்த ஆயில் எஞ்சினுக்கு ஏன் அவ்வளவு பெரிய சக்கரம் என்று கேட்ட பிள்ளைகளுக்கும் இதுதான் பதில்.

சிலிண்டர்கள் கூடக்கூட வெடிப்புகள் நெருங்கி வந்தன. நான்கு சிலிண்டரில் அரைச் சுற்றுக்கு ஒன்று. ஆறு சிலிண்டரில் மூன்றில் ஒரு சுற்றுக்கு ஒன்று. ஃபிளைவீலும் சிறுத்தது. அதிர்வை வாங்கிக்கொள்ள கிளட்ச் தட்டின் நடுவில் சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள் வைத்தார்கள். பல காலம் அதுவே போதுமானதாக இருந்தது.

1973-லும் 1979-லும் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க வேண்டும். குறைந்த சுழற்சியிலேயே நன்றாக இழுக்கும் எஞ்சின்கள் வந்தன. பிஎம்டபிள்யூவின் 2.7 லிட்டர் 'எட்டா' எஞ்சின் அப்படிப்பட்டது. ஐந்தாவது கியர் பரவலானது. கியர் எண்ணெய் இளகலானது. ஆனால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனி அடியாகக் கியர்பாக்ஸில் விழும். பற்கள் ஒன்றோடொன்று மோதிக் 'கடகட' என்று ஒலிக்கும்.

இதற்குத் தீர்வாக ஜெர்மனியின் பூல் நகரிலுள்ள லுக் நிறுவனம் 1985-ல் டூயல் மாஸ் ஃபிளைவீலைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. அதில் ஒரே சக்கரத்தை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு பாதி கிராங்க்கோடு, மறுபாதி கிளட்ச்சோடு. நடுவில் ஸ்பிரிங்குகள். ஊஞ்சலைச் சரியான தாளத்தில் தள்ளினால் ஆட்டம் கூடிக்கொண்டே போகுமே, அதுபோல ஒவ்வொரு அமைப்புக்கும் அதிர்வு பெருகும் ஒரு வேகம் உண்டு. பழைய அமைப்பில் அது நாம் வழக்கமாக ஓட்டும் வேகத்திலேயே வந்தது. டூயல் மாஸ் அதை ஐட்லிங் வேகத்துக்கும் கீழே தள்ளிவிட்டது. எஞ்சின் அதிர்ந்தாலும் கியர்பாக்ஸ் அமைதியாக இருக்கும்.

அப்படியானால் லேசான சக்கரத்தில் லாபமே இல்லையா? உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். லேசான ஃபிளைவீல் போட்டு, நிலைமத் திருப்புத்திறனில் 0.05 கிலோகிராம் சதுரமீட்டர் குறைப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கியரில் மொத்த விகிதம் 14, டயரின் ஆரம் 0.3 மீட்டர் என்று கொள்வோம். 14-ஐ வர்க்கப்படுத்தி 0.05-ஆல் பெருக்கி, 0.3-இன் வர்க்கத்தால் வகுத்தால் சுமார் 109 வரும். முடுக்கும்போது காரின் எடையில் 109 கிலோ குறைந்ததுபோல இருக்கும். விகிதம் 4 ஆக இருக்கும் மேல் கியரில் இதே கணக்கு 9 கிலோதான் காட்டும். ஆக, லாபம் கீழ் கியர்களில்தான். எஞ்சினின் திறன் ஒரு குதிரைகூடக் கூடுவதில்லை. கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. கிளப்பும்போது வண்டி அணையப் பார்க்கும், நியூட்ரலில் கியர் கடகடக்கும்.

பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டு ஆலைகளில் பெரிய வார்ப்பிரும்புச் சக்கரங்கள் வெடித்துச் சிதறி உயிர்கள் போயிருக்கின்றன. விளிம்பு வேகம் இரு மடங்கானால் இழுவிசை நான்கு மடங்காகும். 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஃபிளைவீல் நிமிடத்துக்கு 6000 முறை சுற்றினால் அதன் விளிம்பு விநாடிக்கு 88 மீட்டர் போகும், மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல். அது சுற்றுவது உங்கள் கால்களுக்கு அருகில். பழைய ஃபிளைவீலை லேத்தில் கொடுத்துச் சீவி எடை குறைக்கிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம். லேசானதுதான் வேண்டுமென்றால், அதற்கென்றே எஃகில் செய்து, சமநிலை பார்த்ததை மட்டும் வாங்குங்கள்.

தம்பி, இனி உங்கள் காருக்கு வருகிறேன். ஆட்டோமேட்டிக்கில் அதிர்வை உறிஞ்சுவது டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் திரவம். எஞ்சினோடு அதை இணைப்பது மெல்லிய தகடு மட்டுமே. அந்தத் திரவத்தை எடுத்துவிட்டால் அதன் வேலையை வேறொன்று செய்தாக வேண்டும். தினமும் வேலைக்கும், வார இறுதியில் குடும்பத்தோடும் போகிற கார் என்றால் டூயல் மாஸ் போடுங்கள். பழையது வாங்காதீர்கள், ஸ்பிரிங்கும் கிரீஸும் தேயும் பொருள்கள். பந்தயப் பாதையில் ஓட்டத்தான் இந்தக் கார் என்றால் லேசானது பொருத்தம். உங்களுடையது ஆறு சிலிண்டர் என்பதால் அது ஓரளவு தாங்கவும் செய்யும். ஆனால் டூயல் மாஸோடு வரும் கிளட்ச் தட்டில் பெரும்பாலும் ஸ்பிரிங் இருக்காது. ஒற்றை ஃபிளைவீலுக்கு ஸ்பிரிங் உள்ள தட்டுதான் போட வேண்டும். எதைப் போட்டாலும் ஃபிளைவீல் போல்ட்டுகள் புதியவையாக இருக்கட்டும். வேலை முடிந்ததும் அங்குள்ள முறைப்படி வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டி, மாற்றத்தைப் பதிவு செய்துவிடுங்கள்.

கனமா லேசா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. வாட் ஆலைக்காகச் செய்தார், பென்ஸ் ஒற்றை சிலிண்டருக்காகச் செய்தார், பூல் நகரத்துப் பொறியாளர்கள் எண்ணெய் நெருக்கடிக் காலத்துக்காகச் செய்தார்கள். இந்த வண்டி என்ன வேலைக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு சக்கரத்தை வாங்குங்கள்.

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நம் பிள்ளைகள் தங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.