மந்திரசாலையின் ஒளியும் கணினியின் இருளும்

நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லை ஊர்களுக்குத் தென்கிழக்கே பத்மநாபபுரம் அரண்மனை அமைந்துள்ளது. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம் தாலுகா சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எனினும் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறையே இன்றும் பராமரிக்கிறது.

அதன் மந்திரசாலையில் வெயில் நேராக நுழைவதில்லை. மரச்சட்டங்களின் இடுக்குகளிலும் வண்ண மைக்காத் தகடுகளிலும் வடிந்து, பளபளக்கும் கருந்தரையில் பட்டுத் தெறிக்கும் ஒளியே அறையை நிரப்புகிறது. இத்தகைய அறையைக் கணினியில் முப்பரிமாணக் காட்சியாக்குவோர் பெரும்பாலும் முதலில் காண்பது இருட்டையே.

காரணம் துறையின் வரலாற்றில் உள்ளது. 1975இல் வெளியான போங் மாதிரி, பரப்புகளுக்கிடையே தெறிக்கும் ஒளியைக் கணக்கிடவில்லை. அதற்கு ஈடாக எங்கும் ஒரே அளவான ஒளியைக் கூட்டிக்கொண்டது. 1984இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சுவர்கள் ஒன்றுக்கொன்று வழங்கும் ஒளியைக் கணக்கிடும் ‘ரேடியாசிட்டி’ முறையை முன்வைத்தனர். அது பளபளப்பற்ற பரப்புகளுக்கே பொருந்தியது. மந்திரசாலையின் தரை அதற்குள் அடங்காது. 1986இல் ஜேம்ஸ் கஜியா வகுத்த சமன்பாடு இருவகைப் பரப்புகளையும் ஒருங்கே தழுவியது.

ஆகவே காட்சி இருண்டால், ஒளி எத்தனை முறை தெறிக்க அனுமதிக்கப்பட்டுள்ளது, மைக்காவுக்கு ஒளி ஊடுருவும் தன்மை தரப்பட்டுள்ளதா, கேமராவின் ஒளியேற்பு அளவு என்ன என்பவற்றையே முதலில் சோதிக்க வேண்டும். இல்லாத விளக்கொன்றைச் சேர்த்தால் படம் பொலிவுறும். ஆனால் அக்கட்டடத்தைப் பற்றிய சான்றாக அது நில்லாது.