தந்துகி

தந்துகி என்பது தமனியின் கடைசிக் கிளைக்கும் சிரையின் தொடக்கத்துக்கும் நடுவே ஓடும் மிக நுண்ணிய இரத்தக் குழாய். நுண்குழாய் என்றும் சொல்வர். விட்டம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர். சுவரின் தடிமன் ஒரே ஒரு செல். சிவப்பணுவின் விட்டமோ சுமார் 7.5 மைக்ரோமீட்டர். குறுகலான தந்துகிகளில் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, உடலை வளைத்துக்கொண்டுதான் நுழைகின்றன.

உணவிலிருந்து கல்லீரல் ஓயாமல் இரத்தத்தை உண்டாக்குகிறது, உடல் அதைத் தீர்த்துவிடுகிறது என்றே கிரேக்க மருத்துவர் காலன் காலந்தொட்டு நம்பிவந்தனர். இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி கணக்குப் போட்டுப் பார்த்தார்: இதயம் அரை மணி நேரத்தில் வெளித்தள்ளுவது உடலில் உள்ள மொத்த இரத்தத்தையே மிஞ்சியது. அப்படியானால் அதே இரத்தம்தான் சுற்றிவர வேண்டும் என்று 1628-இல் எழுதினார். ஆனால் தமனியிலிருந்து சிரைக்கு அது எந்த வழியாகப் போகிறது என்பதை அவர் கண்ணால் காணவில்லை, 1657-இல் காலமானார். 1661-இல் இத்தாலியின் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது அந்த வழியான தந்துகிகள் தெரிந்தன.

பெருந்தமனியில் பாய்ந்து வரும் இரத்தம் தந்துகியில் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. தனித்தனியே குறுகலானாலும், எல்லாத் தந்துகிகளின் வாயையும் சேர்த்தால் அகலம் மிகப் பெரிது. ஆற்றுநீர் வாய்க்கால்களில் பிரிந்து வயலில் பரவியதும் வேகம் தணிவது போலத்தான். இந்த நிதானத்தில்தான் ஆக்சிஜனும் குளுக்கோசும் திசுவுக்குள் இறங்குகின்றன, கார்பன் டை ஆக்சைடு இரத்தத்தில் ஏறுகிறது. கூடவே கசியும் நீரை நிணநீர் நாளங்கள் திரட்டி மீண்டும் இரத்தத்தில் சேர்க்கின்றன. மூளைத் தந்துகிகளின் சுவர் நெருக்கமானது. கல்லீரலில் பெரிய இடைவெளிகள் உண்டு. கருவிழியின் முன்படலத்தில் தந்துகியே கிடையாது. அது காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பெறுகிறது.

கட்டைவிரல் நகத்தை அழுத்தினால், அடியிலுள்ள தந்துகிகளின் இரத்தம் விலகி அது வெளுக்கும். விட்டதும் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். டெங்கு வந்த குழந்தையிடம் மருத்துவர் இதைச் செய்து பார்ப்பார். வீட்டார் "பிளேட்லெட் எவ்வளவு?" என்றே கேட்பார்கள், ஆனால் பெரும் ஆபத்து தந்துகிச் சுவர் தளர்ந்து பிளாஸ்மா வெளியே கசிவதில் இருக்கிறது. கசியக் கசிய இரத்தம் கெட்டிப்பட்டு, பரிசோதனைச் சீட்டில் பிசிவி (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) அளவு ஏறும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று எல்லோரும் மூச்சுவிடும் அந்த ஓரிரு நாள்தான் கசிவு மிகும் நேரம்.